விழித்திரையில் தடுப்பு எங்கே நின்று தூண்டலை மாற்றுகிறது? அளந்து கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விழித்திரையின் செய்தியை மூளைக்கு அனுப்பும் கேங்க்லியான் செல்லில் பிப்பெட்டை ஒட்டி, தடுப்பை மருந்தால் நிறுத்தி, மறுமொழி கூடியதா குறைந்ததா என்று பார்ப்பது எளிது. அந்த மாற்றம் எந்தச் சினாப்ஸில் நடந்தது என்று சொல்வதுதான் கஷ்டம். புதிதாக வருபவர்கள் முதல் வேலையை முடித்த கையோடு இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பேட்ச் கிளாம்ப் அடிப்படை தெரிந்து, விழித்திரை வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை இதுதான்: காகிதக் கணக்கு, கரைசல், திசு, மின்னழுத்தம், ஒளி, கடைசியில் மருந்து. பெரும்பாலானோர் மருந்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வருகிறார்கள். அதனால் கிடைப்பது நிறைய வரைபடங்கள், ஒரு முடிவும் இல்லை.

1. முதலில் நான்கு இடங்களையும் வரைந்து வையுங்கள்

ஒளிச்செய்தி போகும் நேர்வழி சிறியது. கூம்புச் செல், அதிலிருந்து பைபோலார் செல், அதிலிருந்து கேங்க்லியான் செல். (கோல் செல்லின் செய்தி பெரும்பாலும் ஏஐஐ என்ற அமாக்ரின் செல் வழியாகச் சுற்றி வருகிறது.) நேர்வழியின் இரண்டு கைமாற்றத்திலும் வேதிக் கடத்தியான குளூட்டமேட்தான் வெளிவருகிறது. இந்த நேர்வழிக்குக் குறுக்கே ஹாரிசாண்டல் செல்களும் அமாக்ரின் செல்களும் நிற்கின்றன. அவை தலையிடும் இடங்கள் நான்கு.

முதல் இடம், கூம்புச் செல்லின் முனை. ஹாரிசாண்டல் செல் இங்கே திருப்பி அழுத்துகிறது. இரண்டாவது, பைபோலார் செல்லின் ஆக்சான் முனை. அமாக்ரின் செல்கள் தடுப்பு தரும் கடத்திகளான காபாவையும் கிளைசினையும் இங்கே கொட்டுகின்றன. குளூட்டமேட் வெளியேறும் அளவே மாறிவிடுகிறது. இதை இந்தக் கட்டுரையில் முனைத் தடுப்பு என்கிறேன். மூன்றாவது, கேங்க்லியான் செல்லின் கிளைகள். குளூட்டமேட் வந்து சேர்ந்த பிறகு அதன் பலனைக் குறைப்பது இது. நேரடித் தடுப்பு என்போம். நான்காவது, ஒரு அமாக்ரின் செல் இன்னொரு அமாக்ரின் செல்லைத் தடுக்கும் இடம். தடுப்பைத் தடுக்கும் தடுப்பு.

ஆளைக் கவிழ்ப்பது நான்காவதுதான். மற்ற மூன்றையும் எல்லோரும் வரைவார்கள், இதை விட்டுவிடுவார்கள். படத்தைப் பெரிதாக வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு முடிவையும் எழுதும்போது நான்கில் எது என்று விரலை வைத்துக் காட்ட முடியவேண்டும்.

2. சோதனைக்கு முன்பே கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. அரை மணி நேர வேலை, பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

ஒரு கேங்க்லியான் செல்லை எடுத்துக்கொள்வோம். கசிவுக் கடத்துதிறன் 2 நானோசீமென்ஸ், அதன் ஓய்வுநிலை −65 மில்லிவோல்ட். தூண்டல் கடத்துதிறன் 3 நானோசீமென்ஸ், அதன் திரும்பு மின்னழுத்தம் (மின்னோட்டம் திசை மாறும் புள்ளி) 0. தடுப்பு குளோரைடு வாய்க்கால்கள் வழியாக வருகிறது; குளோரைடின் திரும்பு மின்னழுத்தமும் −65 என்று வைத்துக்கொள்வோம்.

தடுப்பு இல்லாதபோது செல் எங்கே போய் நிற்கும்? கசிவு 2-ஐ −65 ஆல் பெருக்கினால் −130. மொத்தக் கடத்துதிறன் 5. வகுத்தால் −26 மில்லிவோல்ட். அதாவது 39 மில்லிவோல்ட் மேலே ஏறியிருக்கிறது.

இப்போது 5 நானோசீமென்ஸ் நேரடித் தடுப்பைச் சேருங்கள். கசிவும் தடுப்பும் சேர்ந்து 7, அதை −65 ஆல் பெருக்கினால் −455. மொத்தம் 10. விடை −45.5. ஏற்றம் 19.5 மட்டுமே, சரிபாதி. இத்தனைக்கும் அந்தத் தடுப்பு தனியாக வந்திருந்தால் செல்லின் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்கூட நகர்ந்திருக்காது. ஓய்வுநிலையும் குளோரைடு புள்ளியும் ஒன்றாக இருக்கும்போது தடுப்பு சத்தமில்லாமல் கதவைத் திறந்து வைக்கிறது, உள்ளே வரும் தூண்டல் மின்னோட்டம் அந்தப் பக்கமாக வடிந்துவிடுகிறது.

அடுத்து, நேரடித் தடுப்பை எடுத்துவிட்டு முனைத் தடுப்பைப் போடுங்கள். குளூட்டமேட் பாதியாகக் குறைந்தால் தூண்டல் கடத்துதிறன் 1.5. −130-ஐ 3.5 ஆல் வகுத்தால் சுமார் −37. ஏற்றம் 28.

மின்னழுத்தத்தை மட்டும் பதிவு செய்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஏற்றம் குறைந்தது, அவ்வளவுதான். செல்லை −65-இல் பிடித்து வைத்து மின்னோட்டத்தைப் பாருங்கள். தூண்டல் 3 நானோசீமென்ஸ் இருந்தால் உள்நோக்கி 195 பிக்கோஆம்பியர் வரும். நேரடித் தடுப்பு 5 இருந்தாலும் 50 இருந்தாலும் அதே 195தான், ஏனென்றால் −65-இல் குளோரைடுக்குத் தள்ளுவிசை கிடையாது. முனைத் தடுப்பு இருந்தால் மட்டும் 97.5 ஆகக் குறையும்.

இந்த வழிகாட்டியின் மூலக்கருத்து அந்த ஒரு வித்தியாசம்தான். இனி வருவதெல்லாம் அந்த −65-ஐ நம்பகமாகப் பிடிப்பது எப்படி என்பதும், பிடித்தபின் ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதும்.

3. முன்கூட்டியே தேவைப்படுபவை

விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி கையில் இல்லாமல் எதையும் தொடவேண்டாம். அப்புறம் இருட்டறை, அகச்சிவப்பு ஒளியில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப், பேட்ச் ஆம்ப்ளிஃபயர், ஒளிப்பொட்டுகளை விழித்திரைமேல் வீழ்த்தும் புரொஜெக்டர் அல்லது சிறிய திரை.

வெளிக்கரைசலுக்கு ஏம்ஸ் கரைசல், பைகார்பனேட்டோடு. 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயுவை விடாமல் செலுத்தவேண்டும். வசதிக்காக ஹெப்பெஸ் பஃபர் போட்டுக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். போடாதீர்கள். ஹாரிசாண்டல் செல் கூம்பின் முனையை அழுத்துவதில் சினாப்ஸ் பிளவிலுள்ள அமிலத்தன்மைக்குப் பங்கு உண்டு. 10 முதல் 20 மில்லிமோலார் ஹெப்பெஸ் அந்த மாற்றத்தை விழுங்கிவிடும். முதல் இடத்துத் தடுப்பை நீங்களே கொன்றுவிட்டு, அது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதே காரணத்தால் ஹெப்பெஸைப் பின்னால் வேண்டுமென்றே ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம். அதுவரை பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பிப்பெட்டுக்குள் சீசியம் மீத்தேன்சல்ஃபோனேட் அடிப்படையிலான கரைசல். சீசியம் பொட்டாசியம் வாய்க்கால்களை அடைப்பதால் 0 மில்லிவோல்ட்டில் செல்லைப் பிடித்து வைக்க முடிகிறது; அங்கே தூண்டலுக்குத் தள்ளுவிசை இல்லாததால் தடுப்பு மட்டும் தெரியும். அதோடு க்யூஎக்ஸ்-314, சோடியம் வாய்க்கால்களை உள்ளிருந்து மூட. இது இல்லையென்றால் பிடிக்குத் தப்பிய ஸ்பைக்குகள் பதிவு முழுக்க முள்முள்ளாக நிற்கும்.

இங்கேதான் நான் மூன்று வாரம் தொலைத்தேன். க்யூஎக்ஸ்-314-உம், டிஇஏ என்ற இன்னொரு வாய்க்கால் அடைப்பானும் பல நேரங்களில் குளோரைடு உப்பாகத்தான் வருகின்றன. கரைசலின் பட்டியலில் மீத்தேன்சல்ஃபோனேட் என்று எழுதியிருந்ததால் குளோரைடைக் கூட்டிப் பார்க்கவே இல்லை. டிஇஏ குளோரைடு 10, க்யூஎக்ஸ் குளோரைடு 5, ஆக 15 மில்லிமோலார். நான் 10 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என்ன ஆகும்? வெளியே 125 மில்லிமோலார் குளோரைடு, வெப்பம் 33 டிகிரி என்று நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போடுங்கள். உள்ளே 10 என்றால் −67 மில்லிவோல்ட். 15 என்றால் −56. நான் −67-இல் பிடித்திருந்தேன், உண்மைப் புள்ளியோ 11 மில்லிவோல்ட் தள்ளி இருந்தது. 5 நானோசீமென்ஸ் தடுப்பு வந்தால் 55 பிக்கோஆம்பியர் உள்நோக்கிப் பாயும், தூண்டல் மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு. மருந்து கொடுத்தால் அந்த 55 மறையும். உடனே "தடுப்பை நிறுத்தினால் தூண்டல் குறைகிறது" என்று ஒரு கண்டுபிடிப்பு! பாட்டில் ஒவ்வொன்றின் உப்பு வடிவத்தையும் படித்து, குளோரைடைக் கையால் கூட்டுங்கள்.

4. திசுவைத் தயார் செய்தல்

இதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை, சோம்பல் படாமல் இருந்தால் போதும். விலங்கை முந்தைய இரவோ குறைந்தது ஒரு மணி நேரமோ இருட்டில் வையுங்கள். பிரிக்கும் வேலை முழுவதும் அகச்சிவப்பில். ஒளி பட்டு நிறமி வெளுத்துவிட்டால் கோல் செல்கள் மீள நேரமாகும். பிரித்தெடுத்த விழித்திரையில் முழுமையாக மீளாமலும் போகும்.

கேங்க்லியான் செல்லைப் பதிவு செய்ய விழித்திரையை முழுசாக, கேங்க்லியான் அடுக்கு மேலே இருக்கும்படி விரித்து வையுங்கள். பைபோலார் செல்லைப் பிடிக்கவேண்டுமென்றால் 200 முதல் 250 மைக்ரான் தடிமனில் துண்டுகள் வெட்டவேண்டும். ஆனால் கத்தி போகும்போது நீளக் கிளைகள் கொண்ட அமாக்ரின் செல்களும் அறுபடும். துண்டில் தொலைதூரத் தடுப்பு கிடைக்கவில்லை என்றால் அது இல்லை என்று அர்த்தமில்லை, நீங்கள் வெட்டிப் போட்டிருக்கலாம்.

வெப்பத்தை 32 முதல் 35 டிகிரிக்குள் ஏதாவது ஒரு எண்ணில் நிறுத்தி, கடைசிவரை மாற்றாதீர்கள்.

5. குளோரைடு புள்ளியைச் செல்லில் கண்டுபிடியுங்கள்

கணக்கு −67 என்று சொல்லும். செல் என்ன சொல்கிறது என்று கேட்டுத்தான் நம்பவேண்டும்.

முதலில் திரவச் சந்தி மின்னழுத்தம், அதாவது பிப்பெட் கரைசலும் வெளிக்கரைசலும் சந்திக்கும் இடத்தில் உண்டாவது. சீசியம் மீத்தேன்சல்ஃபோனேட்டுக்கு இது சுமார் 10 மில்லிவோல்ட் வரும். ஆம்ப்ளிஃபயர் காட்டும் எண்ணிலிருந்து இதைக் கழித்தால்தான் உண்மையான மின்னழுத்தம். உண்மையில் −67 வேண்டுமென்றால் −57 என்று கொடுக்கவேண்டும். உண்மையில் 0 வேண்டுமென்றால் +10. முதல் பாதியைச் சரியாகச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறப்பவர்கள் ஏராளம். அப்போது 0 என்று நினைத்து −10-இல் பிடித்திருப்பார்கள், தடுப்புப் பதிவுக்குள் தூண்டல் கலந்துவிடும்.

அடுத்து, ஒரே ஒளிப்பொட்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே செல்லை −90-இலிருந்து +30 வரை 15 மில்லிவோல்ட் படிகளில் பிடியுங்கள். ஒவ்வொரு படியிலும் வரும் மின்னோட்டத்தை வரைந்தால், மறுமொழியின் எந்தத் தருணத்தில் எந்தக் கடத்துதிறன் ஓங்கி நிற்கிறது என்று தெரியும். வெளிச்சம் வந்த உடனே கோடு 0-க்கு அருகே வெட்டும்; அது தூண்டல். கொஞ்சம் கழித்து வெட்டுமிடம் கீழ்நோக்கி நகரும். தடுப்பு வந்து சேர்கிறது. ஒரே பதிவில் தடுப்பின் தாமதத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

தூய குளோரைடு புள்ளி வேண்டுமென்றால் இன்னொரு வழி: செல்லின்மேல் காபாவைச் சிறிய பிப்பெட்டால் பீய்ச்சி, எங்கே திசை மாறுகிறது என்று பாருங்கள். செல்லுடலுக்கு அருகே பீய்ச்சினால் −67-ஐ ஒட்டி வரும். தொலைவான கிளைகளில் பீய்ச்சினால் சில மில்லிவோல்ட் தள்ளி வரும். கிளைகளின் நுனிவரை உங்கள் பிடி எட்டுவதில்லை என்பதன் அளவு அது. அதை மறைக்கவேண்டாம், குறித்துவைத்து பின்னால் பிழையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடர் மின்தடையையும் இப்போதே பாருங்கள். 20 மெகாஓம் இருக்கும்போது 195 பிக்கோஆம்பியருக்கு 4 மில்லிவோல்ட்தான் இழப்பு, பரவாயில்லை. பெரிய செல்லில் 1000 பிக்கோஆம்பியர் வந்தால் 20 மில்லிவோல்ட் இழப்பு. அந்தச் செல்லை நீங்கள் −67-இல் பிடித்திருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: குளூட்டமேட்டை ஏற்பவை என்எம்டிஏ, ஆம்பா என இரு வகை. என்எம்டிஏ ஏற்பிகளை −67-இல் மக்னீசியம் அடைத்து வைத்திருக்கும். அங்கே அளக்கும் தூண்டல் பெரும்பாலும் ஆம்பா ஏற்பி வழியாக வருவது. மொத்தத் தூண்டலும் அதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

6. மருந்துக்கு முன் ஒளியால் பிரியுங்கள்

ஒளி திரும்பப் பெறக்கூடிய கருவி, காட்டலாம், எடுக்கலாம். மருந்து அப்படியில்லை. அதனால் ஒளியால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

50, 100, 200, 400, 800 மைக்ரான் விட்டமுள்ள பொட்டுகளைக் கலைத்துப்போட்ட வரிசையில் காட்டுங்கள். சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகக் காட்டினால் செல் களைத்துப்போனதும் பொட்டு பெரிதானதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒவ்வொரு பொட்டுக்கும் இடையே சில வினாடிகள் விடவேண்டும். பைபோலார் முனையிலுள்ள ரிப்பன் சினாப்ஸ் தன் கையிருப்பை வேகமாகக் கொட்டிவிடும், நிரம்ப நேரம் எடுக்கும்.

இந்த வரிசையை −67-இல் ஒரு முறை, 0-இல் ஒரு முறை. −67-இல் தூண்டல் மின்னோட்டம் பொட்டோடு சேர்ந்து ஏறி, ஒரு விட்டத்துக்குப் பிறகு இறங்கினால், இறக்கம் குளூட்டமேட் வெளியேறும் முன்பே நடந்திருக்கிறது. அதாவது முதல் இடமோ இரண்டாவது இடமோ. நேரடித் தடுப்பு காரணமாக இருக்கமுடியாது. தூண்டல் இறங்காமல் அப்படியே நின்று, 0-இல் உள்ள தடுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் மூன்றாவது இடம். பல செல்களில் இரண்டும் சேர்ந்து வரும், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உச்சத்தை மட்டும் அளந்துவிட்டு எழுந்து போகாதீர்கள். முனைத் தடுப்பில் காபா-சி ஏற்பிகளுக்கு (காபாவை ஏற்பவற்றில் ஒரு வகை, காபா-ஏ இன்னொன்று) பெரும் பங்கு உண்டு. அவை மெதுவாகத் திறக்கும், நீண்ட நேரம் மூடாது. அவற்றின் கைவேலை மறுமொழியின் வாலில்தான் தெரியும். உச்சத்தோடு சேர்த்து மொத்த மின்னூட்டத்தையும், உச்சத்திலிருந்து வடியும் நேரத்தையும் குறியுங்கள். அடித்தள மின்னோட்டம் எங்கே இருக்கிறது என்பதையும்.

இரட்டைப் பளிச்சு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பொட்டை அரை வினாடி இடைவெளியில் இருமுறை காட்டி, இரண்டாவது மறுமொழி முதலாவதில் எத்தனை சதவீதம் என்று குறிக்கவேண்டும். இதன் பயன் ஏழாவது படிக்குப் பின் தெரியும்.

7. மருந்தின் வரிசை

ஒரு மருந்தை எடுக்கும் முன் படத்தில் அது தொடும் எல்லா இடங்களையும் குறியுங்கள். ஒரே இடத்தைத் தொடும் மருந்து அநேகமாக இல்லை.

அ) டிபிஎம்பிஏ, வழக்கமாக 50 மைக்ரோமோலார். காபா-சி ஏற்பிகளை மூடும். அவை பைபோலார் முனையில்தான் குவிந்திருக்கின்றன, கேங்க்லியான் செல்லின் கிளைகளில் அவற்றுக்குச் சொல்லத்தக்க பங்கில்லை. அதனால் இடத்தை ஓரளவு குறிவைத்து அடிக்கக்கூடிய மருந்து இது ஒன்றுதான். இதை முதலில் போடச் சொல்வது அதனால்தான்.

ஆ) கேபசீன் (gabazine), 5 முதல் 20 மைக்ரோமோலார். காபா-ஏ ஏற்பிகளை மூடும். இரண்டு, மூன்று, நான்கு என எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் தொடும். காபா-ஏவை மூடும் இன்னொரு மருந்தான பைக்குக்குல்லினுக்குப் பதில் இதைச் சொல்வதற்குக் காரணம், பைக்குக்குல்லின் உப்புகள் சில பொட்டாசியம் வாய்க்கால்களையும் அடைத்துவிடும்.

இ) ஸ்ட்ரிக்னின், 0.5 முதல் 1 மைக்ரோமோலார். கிளைசின் ஏற்பிகளுக்கு. கழுவினால் லேசில் போகாது, ஆகவே ஒரு விழித்திரைத் துண்டில் கடைசியாகப் போடுங்கள்.

ஈ) எல்-ஏபி4. இது தடுப்பு மருந்தே அல்ல. வெளிச்சம் கூடும்போது கிளர்வது ஆன் வழி, குறையும்போது கிளர்வது ஆஃப் வழி. ஆன் பைபோலார் செல்களின் குளூட்டமேட் ஏற்பி அந்தச் செல்லை அடக்கும் வகை; இந்த மருந்து அதைத் தொடர்ந்து வேலை செய்யவைத்து, ஆன் வழியை முழுசாக அணைத்துவிடும். ஆஃப் கேங்க்லியான் செல்லில் வெளிச்சத்துக்கு வரும் தடுப்பு இதனால் மறைந்தால், அது ஆன் வழியிலிருந்து குறுக்கே வந்த தடுப்பு. ஏஐஐ அமாக்ரின் செல் கிளைசின் மூலம் இந்த வேலையைச் செய்கிறது.

பிக்ரோடாக்சினை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். காபா-ஏ, காபா-சி இரண்டையும் ஒன்றாக மூடும், அளவு கூடினால் சில கிளைசின் ஏற்பிகளையும் தொடும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எந்த விளக்கு அறைக்கு வெளிச்சம் கொடுத்தது என்று கேட்பது போல. கடைசியில் ஒரு சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம், முதல் மருந்தாக வேண்டாம்.

ஒவ்வொரு மருந்துக்கும் முன் பத்து நிமிடம் கட்டுப்பாட்டுப் பதிவு, மருந்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு கழுவல். கழுவியபின் பழைய அளவுக்கு வராவிட்டால் அந்தச் செல்லின் எண்ணை நம்பாதீர்கள். தூண்டல் மின்னோட்டம் மருந்தே இல்லாமலும் நேரம் போகப்போகத் தேயும். அதற்காகச் சில செல்களை மருந்தில்லாமல் அதே நேரம் வைத்துப் பதிவு செய்வது கட்டாயம். யாருக்கும் பிடிக்காத வேலை, எல்லோரும் தள்ளிப்போடுவார்கள்.

8. எதிர்மாறாக வந்தால் பயப்படாதீர்கள்

டிபிஎம்பிஏ போட்டதும் −67-இல் தூண்டல் மின்னோட்டம் பெரிதாகி, அதன் வால் நீண்டால், எதிர்பார்த்தபடிதான். முனைத் தடுப்பு குளூட்டமேட்டைக் கட்டிவைத்திருந்தது, கட்டு அவிழ்ந்தது. குளூட்டமேட் அதிகமானால் சினாப்ஸைத் தாண்டி வழிந்து அக்கம்பக்கத்து என்எம்டிஏ ஏற்பிகளையும் தொடும். வால் நீள்வதில் அதற்கும் பங்குண்டு. சந்தேகம் இருந்தால் செல்லை +40-க்குக் கொண்டுபோய், என்எம்டிஏ ஏற்பியை மூடும் டி-ஏபி5-ஐச் சேர்த்துப் பாருங்கள். அங்கே தடுப்பு மின்னோட்டமும் பெரிதாக வரும் என்பதால், டி-ஏபி5-க்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். அந்த வித்தியாசத்திலும், டி-ஏபி5 சில அமாக்ரின் செல்களின் தூண்டலையே குறைத்திருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

இப்போது கேபசீன் போடுங்கள். சில செல்களில் தூண்டல் மின்னோட்டம் குறையும். தடுப்பை நிறுத்தினோம், தூண்டல் குறைந்தது! இங்கேதான் பதிவு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அந்தச் செல்லைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எறியாதீர்கள், நான்காவது இடத்தைப் பாருங்கள். அமாக்ரின் செல்கள் ஒன்றையொன்று அடக்குவது பெருமளவு காபா-ஏ மூலம். அந்த அடக்கலை எடுத்துவிட்டால் அவை தாராளமாகக் காபாவைக் கொட்டும். பைபோலார் முனையில் காபா-சி ஏற்பிகள் இன்னும் திறந்தேதான் இருக்கின்றன, கேபசீன் அவற்றைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஆக முனைத் தடுப்பு முன்பைவிட அதிகமாகிறது, குளூட்டமேட் குறைகிறது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிப்பதும் எளிது. கேபசீன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிபிஎம்பிஏ சேருங்கள். குறைந்த தூண்டல் எகிறி, கட்டுப்பாட்டு அளவைத் தாண்டினால் விளக்கம் நின்றது. தாண்டாவிட்டால் உங்கள் குளோரைடு கணக்கை மறுபடி பாருங்கள். மூன்றாவது படியில் என் கதை நினைவிருக்கும். அந்தப் பொய்யான 55 பிக்கோஆம்பியரும் கேபசீனில் இதே மாதிரித்தான் குறைந்து காட்டும், ஆனால் டிபிஎம்பிஏ சேர்த்தால் திரும்பி வராது.

ஸ்ட்ரிக்னினிலும் இதே கூத்து. கிளைசின் தடுப்பு போனதும் காபா அமாக்ரின் செல்கள் விடுதலையாகி, 0-இல் நீங்கள் அளக்கும் தடுப்பு மின்னோட்டம் கூடலாம்.

இரட்டைப் பளிச்சுப் பதிவை இப்போது எடுங்கள். முனைத் தடுப்பை நிறுத்தியதும் முதல் மறுமொழி பெரிதாகியிருக்கும், இரண்டாவது முன்பைவிடச் சிறுத்திருக்கலாம். ரிப்பனின் கையிருப்பு முதல் பளிச்சிலேயே காலியாகிவிட்டது. முனைத் தடுப்பு வெறுமனே அளவைக் குறைப்பதில்லை. கையிருப்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கவைத்து, அடுத்த செய்திக்கு மிச்சம் வைக்கிறது. ஒற்றைப் பளிச்சு மட்டும் காட்டியிருந்தால் இதைத் தவறவிட்டிருப்பீர்கள்.

−67-இல் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் மின்னழுத்தப் பதிவில் ஸ்பைக்குகள் கூடியிருக்கின்றன என்றால் நேரடித் தடுப்பு. இரண்டாவது படியில் போட்ட 39-க்கும் 19.5-க்கும் உள்ள கணக்குதான்.

காபா, கிளைசின் எல்லாவற்றையும் மூடிய பிறகும் பெரிய பொட்டுக்குத் தூண்டல் இறங்கிக்கொண்டே இருந்தால் மிச்சம் ஹாரிசாண்டல் செல்லிடம். அலமாரியிலிருந்து ஹெப்பெஸை இப்போது எடுக்கலாம். கரைசலின் அமிலத்தன்மை (pH) 7.4-இலிருந்து நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது வேறு ஏதோ.

9. பைபோலார் செல்லுக்கே போய்ப் பாருங்கள்

கேங்க்லியான் செல்லில் இருந்துகொண்டு முனைத் தடுப்பைப் பேசுவது அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரில் காதை வைத்துக் கேட்பது மாதிரி. முடிவு முக்கியமானதாக இருந்தால் துண்டில் பைபோலார் செல்லைப் பிடித்து 0-இல் வைத்து, ஒளிக்கு வரும் தடுப்பு மின்னோட்டத்தை நேராகப் பாருங்கள்.

சுண்டெலியில் கோல் பைபோலார் செல்லில் ஆரம்பிப்பது நல்லது. அடையாளம் காண எளிது, முனை பெரியது. அதன் தடுப்பில் பெரும்பகுதி காபா-சி வழியாக வருகிறது, டிபிஎம்பிஏ போட்டால் மெதுவான வால் மறைவதைப் பார்க்கலாம். ஆஃப் கூம்பு பைபோலார் செல்களில் கிளைசின் ஓங்கியிருக்கும். ஒரு வகையில் கண்டதை எல்லா பைபோலாருக்கும் நீட்டி எழுதக்கூடாது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும். பதிவு செய்த ஒவ்வொரு செல்லையும் சாயத்தால் நிரப்பி, ஆக்சான் எந்த ஆழத்தில் முடிகிறது என்று படமெடுத்து வையுங்கள்.

ஆக்சான் அறுந்த செல்கள் துண்டில் நிறைய இருக்கும். அவற்றில் தடுப்பு மிகக் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் தடுப்பு பெரும்பாலும் வருவதே முனையில். சாயப் படம் இல்லாமல் அந்தப் பூஜ்ஜியத்தை முடிவாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பிப்பெட் திறந்ததும் செல்லின் சொந்தக் குளோரைடு அளவு போய், உங்கள் கரைசலின் அளவு வந்துவிடும். இந்தப் பதிவு தடுப்புக் கடத்துதிறன் எவ்வளவு என்று சொல்லும். உயிருள்ள செல்லில் அது மின்னழுத்தத்தை எவ்வளவு இழுத்தது என்று சொல்லாது. அதற்கு கிராமிசிடின் வைத்துத் துளையிடும் பேட்ச் வேண்டும். கிராமிசிடின் துளை குளோரைடை உள்ளே விடாது.

பிடியே இல்லாமல் சரிபார்க்க ஆசைப்பட்டால், குளூட்டமேட் பட்டால் ஒளிரும் உணரிப் புரதத்தை கேங்க்லியான் செல்களில் வெளிப்படுத்தி, இரண்டு ஃபோட்டான் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். டிபிஎம்பிஏயில் அந்த ஒளிர்வும் கூடினால் பிடியின் தூரம், குளோரைடுப் பிழை என்ற இரண்டு சந்தேகமும் ஒரே அடியில் தீரும். மைக்ராஸ்கோப்பின் லேசரே கூம்புச் செல்களைத் தூண்டும் என்பதால், ஸ்கேன் ஆரம்பித்து அரை நிமிடமாவது விட்டு முதல் பொட்டைக் காட்டுங்கள்.

10. எழுதும்போது

ஒவ்வொரு செல்லுக்கும் இவற்றைப் பட்டியலில் போடுங்கள்: கணக்கிட்ட குளோரைடு புள்ளி, அளந்த குளோரைடு புள்ளி, சந்தித் திருத்தம், தொடர் மின்தடை, வெப்பம், மருந்தின் வரிசை, கழுவியபின் எத்தனை சதவீதம் திரும்பியது. கணக்கிட்டதும் அளந்ததும் 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால் அந்தச் செல்லைத் தூண்டல் அளவீட்டில் சேர்ப்பதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். எந்த எல்லையை எடுத்தாலும் சரி, முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் மேசைக்கு எதிரே ஒட்டிய அந்தப் படம். "தடுப்பு தூண்டலைக் குறைக்கிறது" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், நான்கில் எந்த இடம் என்று அதே வாக்கியத்துக்குள் சேர்த்து எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் ஆறாவது படிக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்.